வெளிநாட்டுல நண்பர்களோட தங்கும்போது வீட்டுச் சமையலா, வெளிச் சாப்பாடா?

இரவுப்பயணி:
போன மாசம் நாங்க அஞ்சு பேர் வெளிநாட்டுல வாடகைக்கு ஒரு வீடு எடுத்து 10 நாள் தங்கினோம். அதுல ரெண்டு பேர் மூணு வேளையும் சமைச்சுத்தான் சாப்பிடணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. சமையல், பாத்திரம், டப்பா கட்டுறதுன்னு எல்லாம் முடிச்சு வாசல் தாண்டவே தினமும் மணி 11, ஒருநாள் மியூசியம் வாசல்ல போய் நின்னா உள்ள விடுற நேரம் முடிஞ்சுபோச்சு. ஒரு ஊர் சாப்பாட்ட தொடாம அந்த ஊரப் பாத்தேன்னு எப்படிங்க சொல்றது? இனிமே யார் கூட போனாலும் அடுப்பு பத்த வைக்கக் கூடாதுங்கறது என் கட்சி.

அடுப்படி:
எனக்கு வேர்க்கடலை அலர்ஜி. மொழி தெரியாத இடத்துல, எதுல என்ன அரைச்சு ஊத்தியிருக்காங்கன்னு யார்கிட்ட கேக்க? கூட வந்தவங்க சிரிச்சுப் பேசிட்டு சாப்பிடுறப்ப நான் தட்டையே பாத்துட்டு பயந்து உக்காந்திருந்தேன். நானே சமைச்சா நிம்மதியா சாப்பிடுவேன், அவ்ளோதான். இத அடம்னு சொல்லாதீங்க நண்பா.

இரவுப்பயணி:
உங்க பயம் நியாயம்தாங்க. ஆனா வீட்டுச் சமையல்னாலே பாதுகாப்புன்னு சொல்றத ஏத்துக்க மாட்டேன். எங்க ஆளு ராத்திரி வடிச்ச சோத்த மேடையிலயே விட்டுட்டு காலைல சூடு பண்ணி கட்டிக் குடுத்தான், மதியம் சாப்பிட்டு பஸ் ஏறினோம், மூணு பேருக்கு வாந்தி. அப்புறம்தான் தேடிப் படிச்சேன், பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, அதோட ஸ்போர், அதாவது விதை மாதிரி தூங்கிக் கிடக்கிற வடிவம், சோறு கொதிக்கிறப்ப கூட சாகாதாம், வெளில கிடந்தா பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்ப சூடு பண்ணாலும் போகாது.

வழிப்போக்கன்:
நடுவுல வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க குரூப் உடைஞ்சது பணத்துலதான். குடிக்காதவனும் சரிசமமா பில்லு கட்டணும்னா எத்தன நாளைக்கு மனசு பொறுக்கும்? அதுல கார்டு மெஷின் வேற நம்ம நாட்டுப் பணமா அந்த ஊர்ப் பணமான்னு கேக்கும், நம்ம பணத்த அமுக்கினா பெரும்பாலும் ரேட்டுல நமக்குத்தான் நஷ்டம். ஒருத்தன் இத, ஒருத்தன் அத அமுக்கி கணக்கே டேலி ஆகல. எப்பவும் அந்த ஊர்ப் பணத்தயே அமுக்குங்க.

அடுப்படி:
இரவுப்பயணி அண்ணே, அது சமையலோட குத்தம் இல்ல, வச்ச விதம் தப்பு. அகலமான தட்டுல பரப்பி சீக்கிரம் ஆற விட்டு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தா இந்தப் பிரச்சினை வந்திருக்காது. சரி, காலைச் சமையல விட்டுடறேன். ராத்திரி மட்டும் எல்லாரும் சேர்ந்து காய் நறுக்கி சமைக்கலாம். நாள் முழுக்க சுத்திட்டு வந்து கிச்சன்ல பேசினதுதான் எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு, பாத்த இடம் பாதி மறந்துபோச்சு.

இரவுப்பயணி:
ராத்திரிதாங்க ஊர்க்காரங்க வேலை முடிஞ்சு குடும்பத்தோட சாப்பிட வெளிய வர்றாங்க, அந்த நேரத்துல போய் வீட்டுக்குள்ள உக்காரச் சொல்றீங்களே. ரெண்டு நாளைக்கு ஒருக்கான்னா சரி. அந்த ராத்திரி பாத்திரம் நான் கழுவறேன்.