கொடுவா மீனின்ர காதுக்கல்லில ஸ்ரொன்சியம் குறையுது. தீனா காரணம்?

கரையோரப்பெடியன்:
வணக்கம். கடைசி வருச ஆய்வுக்குக் கொடுவாக் குஞ்சுகளை ரெண்டு தொட்டியில நாலு மாதம் வளர்த்தனான். ஒண்டுக்குச் சூடை மீன் வெட்டிப் போட்டது, மற்றதுக்குக் கடையில வாங்கின உருண்டைத் தீன். ரெண்டுக்கும் ஒரே கடல்தண்ணி. காதுக்கல்லை (மீன்ர தலைக்குள்ள ரெண்டு பக்கமும் காதில இருக்கிற சின்னக் கல்லு) சோதிக்கக் குடுத்தால், உருண்டைத் தீன் தொட்டியில ஸ்ரொன்சியம் எண்ட உலோகத்தின்ர சராசரி நல்லாக் குறைஞ்சு கிடக்கு. தீன்தான் காரணமெண்டு எழுதலாமோ?

ஆய்வுகூட அக்கா:
அவசரப்படாதேங்கோ தம்பி. ஸ்ரொன்சியமும் பேரியமும் கல்லுக்கு வாறது பெரும்பாலும் தண்ணியில இருந்துதான். 2006இல வந்த ஒரு ஆய்வில, மம்மிச்சொக் எண்ட சின்ன மீனில ஸ்ரொன்சியம் 83 வீதமும் பேரியம் 98 வீதமும் தண்ணியால வந்ததெண்டு கண்டவை. சராசரியை விட்டிட்டு மீன் மீனாப் பாருங்கோ.

கரையோரப்பெடியன்:
ஒன்பது மீனில மூண்டில மட்டும்தான் ஸ்ரொன்சியம் குறைஞ்சு கிடக்கு அக்கா. அந்த மூண்டிலயும் மக்னீசியம் எக்கச்சக்கம்!

ஆய்வுகூட அக்கா:
அப்பிடிச் சொல்லுங்கோ. சோதிச்ச கல்லுகள் கையில இருந்தால் கறுப்புத் துணியில வைச்சு லைற் அடிச்சுப் பாருங்கோ. பால்வெள்ளையோ, கண்ணாடி மாதிரியோ?

கரையோரப்பெடியன்:
மூண்டும் கற்கண்டுத் துண்டு மாதிரிக் கிடக்கு. ஓரம் கரடுமுரடு. மற்ற ஆறும் பால்வெள்ளை.

ஆய்வுகூட அக்கா:
அது வற்றரைற்று. வழமையான கல் அரகனைற்று. ரெண்டும் கல்சியம் காபனேற்றுத்தான், பளிங்கமைப்பு வேற. வற்றரைற்றில ஸ்ரொன்சியம் குறைவு, மக்னீசியம் கூட. தொட்டியில வளருற மீனில இது கூடுதலா வரும். மற்றப் பக்கத்துக் கல் பால்வெள்ளையா இருந்தால் அதையும் சோதியுங்கோ. அதே மீன், அதே தீன். அதில ஸ்ரொன்சியம் சரியா இருந்தால் தீனில பழி போடேலாது.

பாசையூரான்:
பன்னா மீன்தலைக் கல்லை வைச்சு விளையாடின ஆக்கள் நாங்கள், அதுக்குள்ள இவ்வளவு இருக்கோ? அப்ப மீன் திண்டது கல்லில பதியவே பதியாதோ அக்கா?

ஆய்வுகூட அக்கா:
பதியும் அண்ணை, வேற இடத்தில. கல்லில இருக்கிற காபனில ஒரு பங்கு தீனால வாறது, மிச்சம் தண்ணியில கரைஞ்சிருக்கிறது. அதால காபன் சமதானி (ஒரே மூலகத்தின்ர நிறை வேறுபட்ட அணுக்கள்) கொஞ்சம் கதை சொல்லும். கல்லுக்குள்ள துளியளவு புரதமும் இருக்கு. அதின்ர நைதரசன் சமதானிதான் தீனைத் தெளிவாக் காட்டும். ஒட்சிசனைத் தீனுக்குப் பாக்காதேங்கோ, அது தண்ணியும் வெப்பநிலையும்.

கரையோரப்பெடியன்:
ரெண்டு மீனுக்கு மற்றக் கல் பால்வெள்ளை! திரும்ப அனுப்பிறன். மிச்சத் தலைகள் போமலினில கிடக்கு, அதிலயும் எடுக்கலாமோ?

ஆய்வுகூட அக்கா:
ஐயோ! போமலின் புளிச்சால் கல்லை அரிச்சுப்போடும். அதுகளை விடுங்கோ. இனி எடுக்கிறதைக் கழுவி, காயவைச்சு, பிளாஸ்ரிக் குப்பியில போடுங்கோ.