கென்யாவில் படிப்பே இலவசம், அப்புறம் சீருடைக்கு எதுக்கு நன்கொடை?

ஊர்க்குருவி:
நன்கொடை இழையில் கணக்குப்பிள்ளை சார் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனதை அப்படியே தருகிறேன்: "கென்யாவில் 2003-லேயே தொடக்கக் கல்வி இலவசம். இன்னும் சீருடைன்னு சொல்லி வசூல் பண்ற குட்டி அமைப்பெல்லாம் டுபாக்கூர்." விக்டோரியா ஏரிப் பக்கம், சியாயாவில் அப்படி ஒரு குட்டி அமைப்புக்குத்தான் நான் மாசாமாசம் பணம் அனுப்புகிறேன். எய்ட்ஸில் பெற்றவர்களைப் பறிகொடுத்து, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள். சீருடை, ஸ்வெட்டர், பள்ளியில் ஒரு குவளை உஜிக் கஞ்சி, அவ்வளவுதான் அவர்கள் வேலை. எதை வைத்து டுபாக்கூர் என்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, கோபப்படாம பதில் சொல்லுங்க. கென்ய அதிபர் கிபாகி ஆட்சிக்கு வந்ததும் பள்ளிக் கட்டணத்தை எடுத்தாரா இல்லையா? அந்த வருஷமே பத்து லட்சத்துக்கு மேல பிள்ளைங்க கூடுதலா சேர்ந்தாங்களா இல்லையா? இலவசம்னா இலவசம். சீருடைக்கு யார் காசு கேட்டா?

மோர்மிளகாய்:
பள்ளிக்கூடம் கேட்டது சார். ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 1,020 ஷில்லிங் என்று அரசு ஆரம்பித்தது. அது புத்தகம், நோட்டு, பராமரிப்புக்கு. சீருடை வீட்டுச் செலவு. அதிலும் பள்ளிக்குப் பள்ளி நிறம் வேறு. அம்மா செத்துப்போய் பாட்டி ஊருக்குப் பிள்ளை மாறினால் பழைய ஸ்வெட்டர் உதவாது, புதுசு தைக்கணும். 2004-இல் எல்டொரெட்டில் 84 வயசில் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தாரே கிமானி மாருகே, அந்தத் தாத்தாவே பள்ளிச் சீருடையாக அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கணக்குப்பிள்ளை:
தாத்தா கதை எதுக்கு? நான் கேட்டது சீருடை. நம்ம ஊர்ல சத்துணவு சாப்பிடுற பிள்ளைக்கு அரசே நாலு செட் தருது. அங்க அரசு தரலைன்னா அரசைக் கேளுங்க, எங்கிட்ட உண்டியலை நீட்டாதீங்க.

ஊர்க்குருவி:
உங்களிடம் யார் நீட்டினார்கள்? போன வருஷம் ஆழ்துளைக் கிணறு இழையிலும் இதே பாட்டுதான். கேட்காத காசுக்குக் கணக்கு கேட்பதே உங்கள் பிழைப்பு.

கணக்குப்பிள்ளை:
அந்த இழையில நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரலைங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க.

தெற்குச்சீமை:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். சீருடை விஷயத்தில் ஆராய்ச்சியே இருக்கிறது. சியாயாவுக்குப் பக்கத்து புசியாவில் ஐ.சி.எஸ். என்ற டச்சு அமைப்பு குலுக்கல் போட்டு பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தது. பின்னால் 2019-இல் பொருளாதார நோபல் வாங்கிய மைக்கேல் கிரெமர் குழுதான் அதை அளந்தது. சீருடை கிடைத்த பிள்ளைகள் மட்டம் போடுவது நன்றாகவே குறைந்தது. அதுவரை சீருடையே இல்லாத பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

ஊர்க்குருவி:
கேட்டுக்கொண்டீர்களா சார்?

தெற்குச்சீமை:
முழுசாகச் சொல்ல விடுங்கள். பல வருஷம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, எத்தனை வகுப்பு படித்தார்கள் என்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஆங்! கேட்டுக்கிட்டீங்களா தங்கச்சி? சீருடையால ஒண்ணும் ஆகலை. நோபல்காரரே சொல்லிட்டார்.

மோர்மிளகாய்:
பாதியைப் பிடித்துக்கொண்டு ஆடாதீர்கள். பொருளாதார அறிஞர் எஸ்தர் டூஃப்லோ, கிரெமர் எல்லாம் சேர்ந்து மேற்குக் கென்யாவில் 328 பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. இலவசச் சீருடை கிடைத்த பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதும் குறைந்தது, பதின்ம வயசில் பிள்ளை பெறுவதும் குறைந்தது. இதையும் உங்கள் பேரேட்டில் ஏற்றுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒரு ஆய்வு ஆமாங்குது, ஒண்ணு இல்லைங்குது. இதுக்குத்தான் நான் கணக்கு கேக்கறேன். ஸ்வெட்டர் தைச்ச டெய்லர் பில் இருக்கா? எத்தனை கெஜம் துணி? முப்பது வருஷம் ஆடிட் பண்ணவன்கிட்ட பிள்ளைங்க சிரிக்கிற போட்டோவைக் காட்டினா வவுச்சர் ஆயிடுமா?

ஊர்க்குருவி:
அந்த அமைப்பு பிள்ளைகளின் முகத்தைப் போட்டோவில் காட்டுவதே இல்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். டெய்லர் சந்தையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா. அவருக்கு எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் பணம் போய்ச் சேர்ந்த குறுஞ்செய்தி மாசாமாசம் எனக்கு வருகிறது. உங்களுக்கு எதற்கு நான் காட்டணும்?

தெற்குச்சீமை:
என் கட்சி வேறு. சீருடையும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். ஏழைகளுக்கு நேரடியாகப் பணமே தரும் கிவ்டைரக்ட்லி அமைப்பு இதே சியாயாவில் புல்கூரை வேய்ந்த வீட்டுக்காரர்களுக்கு வீட்டுக்குச் சுமார் ஆயிரம் டாலர் கையிலேயே கொடுத்தது. பலர் தகரக் கூரை போட்டார்கள். பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் வியாபாரம் பெருகியது. பாட்டிக்குத் தெரியாதா பேரனுக்கு எது தேவையென்று?

ஊர்க்குருவி:
தெரியும். ஆனால் என்னிடம் ஆயிரம் டாலர் இல்லை, ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆயிரத்துக்கு 80ஜி பிரிவுல நன்கொடை வரிவிலக்கு கிடைக்குமா? வெளிநாட்டு அமைப்புக்குக் குடுத்தா ஒரு பைசா வரிவிலக்கு கிடையாது. உள்ளூர்ல குடுத்திருந்தா கிடைச்சிருக்கலாம்.

மோர்மிளகாய்:
வரிவிலக்குக்காகத் தர்மம் பண்ணும் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

வேப்பமரத்தடி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நம்ம ஊர் சத்துணவை 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவரவில்லை என்றால் இந்தப் பேச்சே இல்லை.

மோர்மிளகாய்:
1956-இல் காமராஜர் போட்ட மதிய உணவை வசதியாக மறந்துவிட்டீர்களே.

தெற்குச்சீமை:
1920-இல் நீதிக்கட்சி, பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

வேப்பமரத்தடி:
ஒரு பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டதும் ஊர் பூராவும் போட்டதும் ஒன்றா?

மோர்மிளகாய்:
எம்.ஜி.ஆர். பக்தர்கள் எந்த இழையிலும் நுழைந்துவிடுவீர்களே. தனி இழை திறங்கள், அங்கே வைத்துக்கொள்வோம்.

கணக்குப்பிள்ளை:
சாப்பாட்டை விடுங்கப்பா. நான் கேட்டது சீருடை. கென்யாவுல இலவசமா இல்லையா? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஊர்க்குருவி:
பாடம் இலவசம், சீருடை இலவசம் இல்லை. எத்தனை தடவைதான் எழுதுவது?

கணக்குப்பிள்ளை:
இது ஒரு வார்த்தை இல்லையே தங்கச்சி. அப்புறம், அந்த டெய்லர் பில்லு?