மூன்று வழிபாட்டுத் தலத்தாரும் சேர்ந்து உதவும்போது பணத்தை எப்படிக் கையாள்வது?

கேள்வி: பழையபேட்டைவாசி, கிருஷ்ணகிரி
எங்கள் பகுதியில் கோயில் விழாக்குழு, பள்ளிவாசல் ஜமாத், தேவாலயப் பங்குப் பேரவை ஆகிய மூன்றிலிருந்தும் சிலர் சேர்ந்து, மாங்கூழ் ஆலைகளில் பருவம் முடிந்து வேலையின்றி நிற்கும் குடும்பங்களுக்கு மளிகை, பள்ளிச் செலவு, மருந்து ஆகியவற்றில் உதவ எண்ணியுள்ளோம். மூன்று இடத்துப் பணத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் பேச்சு முடங்கியிருக்கிறது. முஸ்லிம்கள் கடமையாகக் கொடுக்கும் தானமான ஜக்காத் பணத்தைப் பொதுவில் சேர்க்க இயலாது என்று ஜமாத்துப் பெரியவர் ஒருவர் கூறுகிறார். சிலருக்கு அது பிரித்துப் பார்ப்பதாகத் தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

பதில் 1: கணக்காளர், தருமபுரி
அப்பெரியவர் கூறுவதில் தவறில்லை. சேமிப்பில் நூற்றுக்கு 2.5 பங்காகக் கொடுக்கப்படும் ஜக்காத்தைப் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று குர்ஆன் வரையறுக்கிறது. அது முஸ்லிம் ஏழைகளுக்கே உரியது என்பது பெரும்பாலான உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின் கருத்து. ஆனால் விருப்பத்தின் பேரில் கொடுக்கும் தானமான சதக்காவை எம்மதத்தவருக்கும் கொடுக்கலாம் என்பதால், ஜமாத்தின் பொதுப்பங்கு அதிலிருந்து வரட்டும். உங்கள் கோயில் அறநிலையத்துறையின் கீழ் இருந்தால் அங்கும் பணத்தை விரும்பியபடி பொதுவில் சேர்க்க இயலாது. உண்டியல் பணத்தைத் தொடாமல், உபயதாரர்களிடம் தனியாகக் கேளுங்கள். பொதுமக்களிடம் வசூலிக்க முற்பட்டால், 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்வது நல்லது.

பதில் 2: பங்குப் பேரவை உறுப்பினர், ஓசூர்
பதிவுக்கு இப்போதே அவசரம் வேண்டாம் என்பேன். தலைவர், செயலாளர் பதவிகளைப் பேசத் தொடங்கினால் மளிகைப் பையை மறந்துவிடுவீர்கள். 1833இல் பாரிஸில் தொடங்கிய கத்தோலிக்க உதவி அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையில், உதவி கேட்போரின் வீட்டுக்கு இருவராகச் சென்று பார்ப்பதே வழக்கம். உங்கள் குழுவில் அந்த இருவரும் வெவ்வேறு மதத்தவராக இருக்கட்டும். கொடுப்பவர் பெயர் தெரியாமலே பொருள் போய்ச் சேரும், மதம் மாற்ற வந்தார்கள் என்ற ஐயமும் எழாது. மேடை போட்டுப் படம் எடுத்துக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்குச் செல்ல வேண்டியவர்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், பாலக்கோடு
பணத்தை விடுங்கள், முதலில் குடும்பங்களின் பட்டியலை ஒன்றாக்குங்கள். ஒரே வீட்டுக்கு மூன்று இடத்திலிருந்தும் அரிசி வருவதும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகனையும் மருமகளையும் நம்பிப் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பாட்டிக்கு ஒன்றும் வராமல் போவதும் எங்கள் பக்கத்தில் கண்கூடு. மேலும், நீங்கள் ஒரு முறை கொடுப்பதைவிடப் பல மடங்கு அரசிடமிருந்து வர வேண்டியிருக்கலாம். ஆதரவற்ற விதவைக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை உண்டு; ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியுண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையில் சரியான பெயரும் இல்லாமலே பலர் இவற்றை இழக்கிறார்கள். இ-சேவை மையத்துக்கு உடன் சென்று மனுப்போட எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் நால்வர் போதும். அதற்கு எந்த வங்கிக் கணக்கும் தேவையில்லை.

பழையபேட்டைவாசி:
மூவருக்கும் நன்றி. பணத்தை அவரவர் கையிலேயே விட்டுவிட்டு, பட்டியலை மட்டும் பொதுவாக வைப்பது என்று வரும் ஞாயிறு கூட்டத்தில் முன்வைக்கிறேன். அப்பட்டியல் யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும், வீட்டு நிலவரத்தை எந்த அளவுக்கு அதில் எழுதலாம் என்பதையும் ஐயா பாலக்கோட்டார் கூறினால் உதவியாக இருக்கும்.