எச்61 மதர்போர்டு போய்விட்டது: தராசும் பில் பிரிண்டரும் ஓடுகிற மாதிரி மாற்று போர்டு கிடைக்குமா?

பாம்பன்_கம்பெனி:
வணக்கம். பாம்பனில் நண்டு, கணவாய், இறால் விலைக்கு எடுக்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. பில் போட ஒரு பழைய டெஸ்க்டாப்: இன்டெல் ஐ3-2120 பிராசஸர், எச்61 சிப்செட் போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, விண்டோஸ் 7. ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கியதும் ஆஃப் செய்து, துணி போட்டு மூடி வைத்தோம். ஜூன் 14 முடிந்து படகுகள் கடலுக்குப் போகும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று சுவிட்சைப் போட்டால், ஃபேன் இரண்டு சுற்று சுற்றி நிற்கிறது, பிறகு தானாகவே மறுபடி சுற்றுகிறது, டிஸ்ப்ளே வருவதே இல்லை. கேபினட்டைத் திறந்து பார்த்தேன். பின்பக்க போர்ட்டுகளின் தகரம் துருப்பிடித்திருக்கிறது, பிராசஸருக்குப் பக்கத்தில் காயில்களின் அடியில் பச்சையாகப் பூத்திருக்கிறது.

கடையில் காட்டினால் புது கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பணம் மட்டும் பிரச்சினை இல்லை. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் எலக்ட்ரானிக் தராசிலிருந்து காம் போர்ட் வழியாக எடையை நேராக எடுத்துக்கொள்ளும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழைய பேரலல் போர்ட்டில் ஓடுகிறது. சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் இப்போது அந்தத் தொழிலில் இல்லை. எடையைக் கையால் அடித்தால் ஒரு கிலோ அங்கே இங்கே போகும், மீன்காரர்களுக்கும் எங்களுக்கும் சண்டைதான் வரும். இதே பிராசஸருக்கு வேறு போர்டு கிடைக்குமா? மதுரையா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டா, ஆன்லைனா?

இராம்நாடு_ஹார்டுவேர்:
கிடைக்கும் அண்ணே, கவலைப்படாதீங்க. உங்கள் பிராசஸர் இரண்டாம் தலைமுறை, போர்டில் அது உட்காருகிற சாக்கெட் எல்ஜிஏ1155. கடையில் "ஐ3 போர்டு" என்று மட்டும் கேட்காதீர்கள், 1156-ஐயோ 1150-ஐயோ எடுத்து நீட்டுவார்கள், பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், பிராசஸர் உட்காராது. 1155, எச்61 என்று எழுதிக் காட்டுங்கள். அதே சாக்கெட்டில் பி75 சிப்செட் போர்டு கிடைத்தாலும் எடுக்கலாம். ஆனால் உங்கள் விண்டோஸ் 7 ஃபார்மட் இல்லாமல் எழுந்திருக்க வேண்டுமென்றால் எச்61-க்கு எச்61 போடுவதுதான் நிம்மதி.

ஜெப்ரானிக்ஸ் மாதிரிப் பெயர்களில் புது எச்61 போர்டு இன்னும் விற்கிறது. புதுசு ஆசைப்பட்டு உடனே வாங்கிவிடாதீர்கள், பல மாடல்களில் பேரலல் போர்ட் இருக்காது. கழற்றி விற்கிற கிகாபைட் எச்61எம், ஆசஸ் பி8எச்61-எம் வரிசை போர்டுகளைத் தேடுங்கள், அதிலும் மாடலுக்கு மாடல் போர்ட் மாறும் என்பதால் மாடல் நம்பரை வைத்துப் படம் பார்த்துவிட்டு வாங்குங்கள். பின்பக்கத்தில் போர்ட் இல்லாவிட்டாலும் போர்டின் ஓரத்தில் காம், எல்பிடி (பேரலல் போர்ட்தான்) என்று எழுதிய பின் வரிசை இருந்தால் போதும், கேபிள் போட்டு வெளியே இழுத்துவிடலாம். பழைய போர்டு வாங்கும்போது சாக்கெட் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, சாய்வாகப் பாருங்கள். இந்தச் சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கும், ஒன்று வளைந்திருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். சோதித்துக் காட்டாமல் விற்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

தொண்டி_தம்பி:
ஆபீஸில் கழித்துக்கட்டிய டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020 முழு சிஸ்டமே மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கிவிட்டால் என்ன?

இராம்நாடு_ஹார்டுவேர்:
தம்பி, அது 1150 சாக்கெட், நாலாம் தலைமுறை. அண்ணனுடைய பிராசஸர் அதில் ஏறாது, விண்டோஸையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். சாஃப்ட்வேர் செய்தவரே இல்லாதபோது அந்த வழி ஆபத்து. அதில் பவர் கனெக்டரும் 8 பின், நாளைக்கு எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கிற பெட்டி) போனால் சாதாரண 24 பின் எஸ்எம்பிஎஸ்ஸை நேராக மாட்ட முடியாது. இன்னும் புதிய சிஸ்டத்துக்குப் போனால் விண்டோஸ் 7-க்கு டிரைவரே தேட வேண்டிவரும்.

கீழக்கரை_சர்வீஸ்:
போர்டு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள் அண்ணே. முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி முழு காப்பி எடுத்து வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஃபேன் சுற்றி நிற்பது எஸ்எம்பிஎஸ் கோளாறாகவும் இருக்கலாம், வேறொன்றை மாட்டுங்கள், பிராசஸருக்குப் பக்கத்தில் போகிற 4 பின் வயரையும் மறக்காமல் மாட்டுங்கள். பிறகு ராம் இரண்டையும் கழற்றிவிட்டு, சின்ன ஸ்பீக்கர் மாட்டி ஆன் செய்யுங்கள். பீப் அடித்தால் பிராசஸரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன, ராம் பக்கம் பார்த்தால் போதும்.

பீப் இல்லையென்றால் போர்டைத் தனியாகக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து அந்தப் பச்சையைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் இப்படி எழுந்த போர்டுகள் நிறைய. காயிலுக்கு அடியில் செம்பு அரித்து டிராக் (கரண்ட் போகிற செம்புக் கோடு) அறுந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், நாலு நாள் ஓடி மறுபடி படுக்கும்.

ஒரு விஷயம் நம் கடற்கரைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடுகிற கம்ப்யூட்டரைவிட நிறுத்தி வைத்த கம்ப்யூட்டர்தான் உப்புக்காற்றில் சீக்கிரம் கெடுகிறது. ஓடும்போது உள்ளே சூடு இருக்கும், ஈரம் தங்காது. நிறுத்திவிட்டால் போர்டில் படிந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுவரில் பிளக் இருந்தால் ஆஃபில் இருக்கும்போதும் போர்டில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும், அந்த ஈரத்தில் செம்பு கரைந்து பச்சையாகும். துணி உப்பை ஓரளவு தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. அடுத்த தடைக்காலத்தில் தினமும் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், முடியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, பெரிய பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு கட்டி வையுங்கள். புது போர்டு வந்தாலும் இதைச் செய்யாவிட்டால் அதுவும் இதே கதிதான்.

பாம்பன்_கம்பெனி:
ரொம்ப நன்றி. காப்பி எடுத்தாயிற்று. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்த்தேன், பீப் இல்லை. துடைத்தும் பார்த்தேன், காயிலுக்கு அடியில் டிராக் அரித்தே போயிருக்கிறது. மதுரையில் ஒரு கடையில் கழற்றிய கிகாபைட் எச்61 இருக்கிறது, என் பிராசஸரையே மாட்டி ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார்கள். எல்பிடி பின்பக்கத்திலேயே இருக்கிறது, காம் மட்டும் பின் வரிசையாக இருக்கிறது. வாங்கலாம்தானே?

இராம்நாடு_ஹார்டுவேர்:
தாராளமாக வாங்குங்கள் அண்ணே. மாட்டியதும் முதலில் பயாஸுக்குள் (போர்டின் செட்டிங் திரை) போய் ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா மோடைப் பாருங்கள். பழைய போர்டில் ஐடிஇ-யாக இருந்து இதில் ஏஹெச்சிஐ-யாக இருந்தால் விண்டோஸ் 7 நீலத் திரை காட்டி நிற்கும், பயந்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள், மோடை மாற்றினாலே எழுந்துவிடும். காம் கேபிளில் வயர் வரிசை இரண்டு விதமாக வருகிறது. மாட்டியும் தராசு எடை அனுப்பவில்லை என்றால் தராசைக் குறை சொல்லாமல் மற்ற வகைக் கேபிளை மாட்டிப் பாருங்கள். இரண்டு வகைக் கேபிளையும் மதுரையிலேயே சேர்த்து வாங்கி வந்துவிடுங்கள், அதற்காக இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டாம்.