மகனுக்கு ஒரு பக்கம் விதை இறங்கவில்லை: இது பல பிள்ளைகளுக்கு உள்ளதா?

ஜெலுத்தோங் அம்மா:
என் மகனுக்கு 5 மாதம். தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது, வலப்பக்க விதை இன்னும் விதைப்பைக்குள் இறங்கவில்லை என்று தாதி சொன்னார். மாமியாரோ, "எல்லாம் தானா சரியாயிடும்மா" என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. இது அபூர்வமா?

செபராங் பிறை தாதி:
இல்லைம்மா, நிறையப் பேருக்கு உண்டு. மாதம் நிறைந்து பிறந்த ஆண் குழந்தைகளில் 100க்கு 3 பேர் அளவில் இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய 30. பலருக்கு முதல் சில மாதங்களிலேயே இறங்கிவிடும். ஒரு வயதில் 100க்கு ஒருவர் அளவுதான். ஆனால் 6 மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. இறங்காமல் மேலேயே இருந்தால் வயிற்றுச் சூடு விதைக்கு ஆகாது, பின்னாளில் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். அதனால்தான் 6 முதல் 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுவது வேண்டவே வேண்டாம்!

பட்டர்வொர்த் அப்பா:
என் மகனுக்கு ஒரு வயதில் செய்தோம். காலையில் போய் மாலையே வீடு திரும்பினோம். அப்புறம், வெந்நீரில் குளிக்கும்போது மட்டும் விதை கீழே வருகிறதா என்று பாருங்கள். அது மேலும் கீழும் போய்வரும் வேறு வகை, டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அம்மா:
நன்றி. அடுத்த மாதப் பரிசோதனையிலும் இறங்காவிட்டால் குழந்தை அறுவை நிபுணருக்குக் கடிதம் கேட்கிறேன். மாமியாரையும் கூட்டிப்போகிறேன்.