அறுப்பின் பண்டிகைக்கு அப்பாவை எப்படி அழைத்துப் போவது?

எல்லாருக்கும் தோத்திரம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அறுவடை நேரத்து மழையில் சம்பா சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது. மிஞ்சிய நெல்லும் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் அரசு கொள்முதலில் எடுபடவில்லை. தங்கைக்குப் பேசிய கல்யாணமும் நின்றது. அப்பா கோயிலுக்கு (சர்ச்சுக்கு) வருகிறார், ஆனால் வாய் திறந்து பாடுவதில்லை. விளைச்சலில் ஒரு பங்கைச் சபையில் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகை என்றால் மட்டும், "எதைக் கொண்டுபோய்க் காணிக்கையா வைக்கச் சொல்ற?" என்கிறார்.

வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசி எழுதிய 3:17 வாசித்துக் காட்டினேன். வயல் விளையாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று அடுத்த வசனத்தில் வரும். "அவருக்கு நகைக்கடன் இருந்துச்சா?" என்று கேட்டார் (சிரிப்பை அடக்கிக்கொண்டேன்). எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றேன் என்று அப்போஸ்தலர் பவுல் பிலிப்பியருக்கு நிருபம் எழுதியது சிறைக்காவலில் இருந்தபோது என்றதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"இரட்டிப்பாய்த் தருவார்" வகை வாக்குத்தத்த ஸ்டேட்டஸ்கள் வேண்டாம், தயவுசெய்து. அவை அவரை இன்னும் நோகடிக்கின்றன. போனது திரும்பி வராமலே மனநிறைவோடு இருக்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தால், உங்களைத் தாங்கியது எது என்று சொல்லுங்கள். ஜெபமா, சபை ஆட்களா, மறுபடி நாற்று விட்டதா? சபை ஐயரை (போதகரை) வீட்டுக்கு வரச் சொல்லலாமா, கொஞ்ச நாள் அப்படியே விடுவது நல்லதா? வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் அப்பாவுக்கே போட்டுக் காட்டுவேன்.