மறு: பேக்லாஷ் – ‘பின்னடிப்பு’ வேண்டாம், இழுமுகம் தள்ளுமுகம் என்று பிரிப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கியர் பற்களுக்கு நடுவே இருக்கும் சந்தை ஆங்கிலத்தில் ‘பேக்லாஷ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பின்னடிப்பு’ என்று இங்கே ஒருவர் முன்வைத்த சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. ‘பேக்’ என்றால் பின், ‘லாஷ்’ என்றால் அடி என்று பிரித்துப் போட்டதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. அங்கே எதுவும் பின்னால் அடிப்பதில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மயிரிழை அளவு இடம் விடுகிறார்கள், எண்ணெய் தங்கவும் சூட்டில் பல் விரியவும் அது வேண்டும், தேய்ந்தால் அந்த இடம் கூடிப்போகிறது. கொண்டை ஊசி வளைவும் ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த சொல்தான், ஆனால் ஏற்காட்டுப் பாதையில் இருக்கும் 20 வளைவுகளில் எதைப் பார்த்தாலும் ஊசி கண்ணில் தெரிகிறது, அதனால் நின்றுவிட்டது.

இதை நான் அகராதியை வைத்துக்கொண்டு சொல்லவில்லை. போன மாதம் என் பழைய ஜீப்பின் பின்னால் நாங்களே கட்டிய கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஏற்காடு ஏறினேன், சாமான்களோடு சேர்த்து டிரெய்லர் அரை டன் இருக்கும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1200 மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். அடிவாரம் தாண்டியதுமே காலுக்கடியில் ‘டக்’. ஆக்சிலரேட்டரை விட்டால் ஒரு டக், திரும்ப மிதித்தால் இன்னொரு டக். மறுநாள் இரண்டாம் கியரில் இறங்கும்போது அதோடு மெல்லிய ஊளை ஒன்றும் சேர்ந்துகொண்டது, ஏறும்போது அது இல்லவே இல்லை. ஊருக்குள் ஒரு பட்டறையில் சத்தத்தைச் சொன்னதுமே, ஓட்டிக்கூடப் பார்க்காமல், கிரவுன் பினியனை (பின் அச்சில் சுழற்சியைச் சக்கரங்கள் பக்கம் திருப்பும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) ஜோடியாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் அடிவாரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன், என்னைவிடச் சின்னவர். அவர் கேட்ட முதல் கேள்வி: “அண்ணா, வண்டி இழுக்கும்போது கத்துதுங்களா, தள்ளும்போது கத்துதுங்களா?”

இந்தக் கேள்விக்குள்தான் நாம் தேடும் சொல் இருக்கிறது. மிதித்தால் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுகிறது, பினியன் பல்லின் ஒரு பக்கம் கிரவுன் பல்லை அழுத்துகிறது. காலை எடுத்தால் டிரெய்லர் ஜீப்பைத் தள்ள, சக்கரம் இன்ஜினைச் சுற்ற, அதே பல்லின் மறுபக்கம் அழுந்துகிறது. ஒரே பல்லுக்கு இரண்டு முகம். முதலாவதை இழுமுகம், இரண்டாவதைத் தள்ளுமுகம் என்று சொல்லலாம் என்பது என் கருத்து. ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குப் பளு தாவும் அந்த நொடி முகமாற்றம். டக் என்பது முகமாற்றத்தில் வருவது, ஊளை ஏதாவது ஒரு முகத்தில் நின்று கத்துவது.

ஏறுமுகம், இறங்குமுகம் என்று ஏற்கெனவே நல்ல சொற்கள் இருக்கும்போது புதிது எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் ஏற்றத்திலேயே வளைவுக்கு முன்னால் காலை எடுத்தால் பளு மறுபக்கம் போய்விடும், ஓமலூர் பக்கம் சமதரையில் ஓட்டினாலும் இரண்டும் உண்டு. சொல் ரோட்டைக் காட்டினால் போதாது, பல்லைக் காட்ட வேண்டும்.

சரி, டக் எங்கிருந்து வந்தது? டிரெய்லர் கொக்கியிலும் இதே சத்தம் வரும் என்பதால் முதலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம், சன்னமாக வந்தது, ஆனால் வந்தது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை அந்த மெக்கானிக் கையால் இப்படியும் அப்படியும் திருகினார். பின்பக்க கிராஸில் (ஷாஃப்ட்டை வளைந்து சுழலவிடும் சிலுவை வடிவ மூட்டு) ஒரு கப்பின் வாயைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி துருத்தூள். கிளிப்பை எடுத்துக் கப்பைத் தட்டிக் கழற்றினால் உள்ளே கிரீஸே இல்லை, ஊசி ரோலர் பாதி உடைந்து கிடக்கிறது, கிராஸின் காலில் ஊசிகள் பதிந்து வரிவரியாகப் பள்ளம். டிரெய்லரின் மூக்குப் பளு (கொக்கியின் மேல் அது அமுக்கும் எடை) கமான் பட்டையை அழுத்தி ஷாஃப்ட்டின் கோணத்தையும் மாற்றியிருக்கிறது, பழைய கிராஸ் அதைத் தாங்கவில்லை.

அதாவது என் டக்குக்குப் பல் காரணமே இல்லை, கிராஸ்தான். ஆகவே ‘பேக்லாஷ்’ என்பதற்கு ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடுவது தப்பான பாகத்தைக் கழற்ற வைக்கும். பட்டறையில் “ஆட்டம் இருக்குது” என்றுதான் சொல்கிறார்கள். அதையே வேராக வைப்போம்: பல்லில் இருந்தால் பல்லாட்டம், கிராஸில் இருந்தால் மூட்டாட்டம், கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரை எல்லாம் சேர்ந்தது தொடராட்டம். இன்னொன்று, கிராஸைப் பிடிக்கும் ‘யோக்’ என்பதைக் கவட்டை என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். யோக் என்றாலே மாட்டுக்குப் பூட்டும் நுகம்தான், நம்மிடம் எப்போதோ இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளலாமே.

ஊளை இன்னும் இருக்கிறது. ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றினாலும் அதன் சுருதி மாறவில்லை, ஆகவே அது கியர்பாக்ஸைத் தாண்டிப் பின்னால்தான். வளைவில் இடமும் வலமும் ஒடித்தாலும் மாறவில்லை என்பதால் சக்கர பேரிங் மேல் சந்தேகம் குறைவு. நேற்று வண்டியை விடும்போது சீட்டில் ‘தள்ளுமுக ஊளை, இழுமுகத்தில் இல்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். தம்பி அதைப் படித்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அடியில் படுத்து நேராகப் பினியன் நட்டில் கையை வைத்தார்.